ஒரே பாவில் மூன்று புடவைகள்

நான் செய்த தப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லி அனுதாபம் தேடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

ஆரணியில் பட்டு நெய்கிற வீடுகளையும் புடவை வாங்குகிறவர்களையும் நேராக இணைக்கிற ஒரு செயலி எங்களுடையது. பெயர் ‘தறிவழி’. ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஆபீஸ், ஆட்கள் ஆறு பேர். முதலாளி ஹேமநாத். நிரல், சர்வர் எல்லாவற்றுக்கும் பொறுப்பு சசிகலாவாகிய நான். சர்வர் என்று எங்கள் மாடியில் ஒரு பெட்டிகூடக் கிடையாது. எல்லாம் கிளவுடில், வாடகைக்கு எடுத்த இடத்தில், எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்பு வரை அது ஒரே மூட்டையாக இருந்தது. நான்தான் அதைப் பதினொரு சின்னச் சின்ன சர்வீஸ்களாகப் பிரித்தேன். நெசவிலும் சாயம் போடுகிறவர் வேறு, குறுக்கு நூலைத் தாராகச் சுற்றுகிறவர் வேறு, பாவு பிணைக்கிறவர் வேறுதானே. அதே மாதிரி ஆர்டர் எடுப்பது ஒன்று, விலாசத்தை வைத்திருப்பது ஒன்று, செல்லுக்குச் செய்தி அனுப்புவது ஒன்று. ஒன்றுக்குத் தேவையானதை மற்றொன்றிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். வெளியிலிருந்து வருகிறவனுக்கு வாசலில் பலமான பூட்டு போட்டேன். உள்ளே வந்துவிட்டால் ‘நீ யார், உனக்கு எதற்கு இது’ என்று எந்த சர்வீஸும் எதையும் கேட்காது. உள்ளே இருப்பதெல்லாம் நம் ஆட்கள்தானே என்று நினைத்தேன். அது முதல் தப்பு.

இரண்டாவது தப்பு, சேவூரில் ஒரு தறி வீட்டில் பிறந்ததால் செய்தது. வேறு ஊர்க்காரர் எழுதியிருந்தால் ஆர்டர் எண்ணை வைத்து எல்லாவற்றையும் அடுக்கியிருப்பார். நான் பாவு எண்ணை வைத்து அடுக்கினேன். தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற இழைகள்தான் பாவு, அப்படி ஒரு பாவில் எங்கள் பக்கம் பெரும்பாலும் மூன்று புடவை இறங்கும். கல்யாண வீட்டுக்காரர்கள் ஒரு பாவை முழுசாகவே பேசிவிடுவார்கள். பெண்ணுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, அண்ணிக்கு ஒன்று. ஒரே பாவு என்றால் ஒரே வீடு, ஒரே வீட்டுக்குள் என்ன ஒளிவுமறைவு? அதனால் அந்தப் பாவில் பெயர் உள்ள யாரும் மற்ற இரண்டு புடவைகளின் விலாசத்தையும் திறக்கலாம், திருத்தலாம். திருத்தினால் மூன்று செல்லுக்கும் ‘விலாசம் மாறியது’ என்று ஒரு தகவல் போகும். புடவை கொரியரில் கிளம்பியதும் மூன்று விலாசங்களுமே மூன்று செல்லுக்கும் முழுசாகப் போகும். இதை எழுதிவிட்டுப் பெருமையாக வேறு இருந்தேன்.

அந்தப் புதன்கிழமை காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்குச் சேவூரிலிருந்து தனக்கோடி அக்கா போன் செய்தார். எங்கள் தெருக்காரர், எங்களுக்கு நெய்கிறவர். தெருவுக்கே கேட்கும்படி பேசுகிறவர் அன்று கிசுகிசுத்தார்.

“எம்மா சசி, இங்க பெரிய பேஜாராயிட்டு கீது. நான் தோட்டத்துப் பக்கம் நின்னுகினு பேசறேன். இனியான்னு ஒரு பொண்ணோட மூணு பொடவ பாவு, ஞாபகம் கீதா?”

“சொல்லுங்கக்கா.”

“அவ அண்ணங்காரன் இளஞ்செழியன் வந்து தறியாண்ட குந்திகினு கீறான். அண்ணிக்காரி பொடவைக்கு அவன் நம்பர்தான் குடுத்துகீது. மூணுல ஒண்ணுக்கு வெலாசம் மாறிட்ச்சுன்னு அவன் செல்லுக்கு வந்துச்சாம். அந்தப் பொடவ எங்க போவுது, சொல்லு சொல்லுன்றான். கைல கத்திரி வெச்சிகினு கீறான் சசி. சொல்லலன்னா இப்ப தறியில ஏத்திகீற அடுத்த பாவ அறுத்துப் போட்ருவேன்றான்.”

“நீங்க இன்னா சொன்னீங்க?”

“பொடவ நேத்தே கொரியருக்குப் போயிட்ச்சு, எனக்குத் தெரியாதுன்னேன். சத்தியமா எனக்கு வெலாசம் தெரியாது. ஆனா அந்தப் பொண்ணு எங்கிட்ட பேசிச்சு. யாராண்டயும் மூச்சு உடாதீங்கன்னு அழுதுச்சு.”

மிச்சத்தையும் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். மூன்று மாதத்துக்கு முன்பு வீட்டில் பார்த்த மாப்பிள்ளையோடு கல்யாணம் என்று பேசிய பாவு அது. பன்னிரண்டு நாளைக்கு முன்பு இனியா தான் விரும்பிய தென்னரசுவோடு கிளம்பிப் போய்விட்டாள். தென்னரசு வேறு சாதி. எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அண்ணன் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு காரில் ஊர் ஊராகத் தேடுகிறான். வெள்ளிக்கிழமை பதிவாளர் ஆபீஸில் கல்யாணக் கையெழுத்து. அதுவரைக்கும் இரண்டு பேரும் யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டும்.

எனக்கு முதலில் அந்தப் பெண் மேல்தான் ஆத்திரம் வந்தது. உயிருக்குப் பயந்து ஓடினவள் புடவையை விட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா? பிறகு யோசித்தேன். தானே நிறம் பார்த்துப் பொறுக்கின புடவை, அதைக் கட்டிக்கொண்டு கையெழுத்துப் போட ஆசைப்பட்டிருக்கிறாள். தன் புடவை, தன் விலாசம், தன் செல். மாற்றினால் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருப்பாள். எந்தப் பெண்ணும் அப்படித்தான் நினைப்பாள். அப்படி இல்லாமல் செய்து வைத்தவள் நான்.

“அக்கா, போனை வெக்காதீங்க. ஆன்லயே வெச்சி இடுப்புல சொருகிகினு உள்ள போங்க. நான் கேட்டுகினே இருக்கேன்.”

ஒரு காதில் அந்தப் போனை மாட்டிக்கொண்டு திரையைத் திறந்தேன். தறி வீடுகளிலிருந்து முதல் நாளே எங்களிடம் வந்துவிட்ட பொட்டலங்களை எடுக்கக் கொரியர் வண்டி தினமும் பதினொரு மணிக்கு ஆபீஸ் வாசலுக்கு வரும். ஒவ்வொரு பொட்டலத்தையும் ஸ்கேன் செய்யும்போது அந்த நிமிடத்தில் இருக்கிற விலாசம் அச்சாகி ஒட்டப்படும். அதே நிமிடத்தில் மூன்று செல்லுக்கும் அந்த விலாசம் போய்விடும். மணி பத்தே கால்.

இனியாவின் புடவைக்கு எதிரே இருந்த பதிவைப் பார்த்தேன். செவ்வாய் மதியம் அவள் எண்ணிலிருந்து தேசூரில் ஒரு வீட்டு விலாசம் போடப்பட்டிருந்தது. ஆனால் இப்போது அங்கே இருந்தது தேசூர் இல்லை. ‘அனைத்து மகளிர் காவல் நிலையம், திருவண்ணாமலை.’ புதன் காலை ஆறு பத்துக்கு, அதே பாவில் பெயர் உள்ள வேறொரு எண்ணிலிருந்து மாற்றப்பட்டிருந்தது.

வேறொரு எண் என்றால் வீட்டு ஆட்கள். விலாசத்தைத் திருத்துகிற பக்கத்தைத் திறந்தாலே பழைய விலாசம் கண்ணுக்குத் தெரியும். அப்படியானால் தேசூர் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, போலீஸில் புகார் கொடுத்துவிட்டுப் புடவையையும் அங்கே திருப்பிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆபீஸ் போனிலிருந்து இனியாவின் எண்ணைக் கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி கூப்பிட்டேன். அதே பதில்.

ஹேமநாத் சார் என் பின்னால் வந்து நின்றார். இரண்டு வரியில் சொன்னேன். கெட்டவர் இல்லை அவர், ஆனால் எதையும் உடனே சரி செய்தாக வேண்டும் என்கிற அவசரக்காரர்.

“கஸ்டமர் போட்ட விலாசத்த வேற யாரோ மாத்திகீறாங்க. அவ்ளோதான? பழச திரும்ப எடுத்துப் போடுங்க. அது நம்ம கடமை.”

“சார், பதினோரு மணிக்கு மெசேஜ் போவும். அது...”

“மெசேஜ நிறுத்த முடியாது சசிகலா. இன்னிக்கி முந்நூத்தி நாப்பது பார்சல். டெலிவரி கோடும் அதே மெசேஜ்லதான் போவுது. முகூர்த்த சீசன். நீங்க மத்தத பாருங்க, நான் பழச எடுத்துப் போடறேன்.”

அவர் தன் மேஜைக்குப் போனார். நான் தடுக்கவில்லை. அவர் சொன்னது சரிதான். யாரோ கலைத்ததை முன்பிருந்தபடி வைப்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். அவருடைய நாற்காலி கிறீச்சிடுகிற சத்தமும் என் காதில் தனக்கோடி அக்கா வீட்டுச் சத்தமும் ஒரே நேரத்தில் கேட்டன. இளஞ்செழியன் கத்திக்கொண்டிருந்தான்.

“இன்னா நெனச்சிகினு கீற நீ? எந்த ஊருன்னு மட்டும் சொல்லு, நான் போயிடறேன். எந்த ஊரு?”

எந்த ஊரு?

அவனுக்குத் தேசூர் தெரிந்திருந்தால் இங்கே எதற்கு உட்கார்ந்து கத்துகிறான்? நான்கு மணி நேரமாக அந்த விலாசம் தெரிந்த ஒருவர் அந்த வீட்டில் இருக்கிறார். அவர் இவனிடம் சொல்லவில்லை. இவன் செல்லிலோ எங்கள் செயலியே இல்லை, செய்தி மட்டும்தான் வரும்.

ஆறு பத்துக்கு மாற்றிய எண் யாருடையது என்று பார்த்தேன். கண்ணகி. பெண்ணின் அம்மா.

பதிவில் இன்னும் இருந்தது. விடியற்காலை ஐந்து இருபதுக்கு அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறார். ஆறு பத்துக்குத்தான் மாற்றி முடித்திருக்கிறார். நடுவில் நான்கு தடவை ‘பின்கோடு தவறு’ என்று எங்கள் செயலி அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. ஐம்பது நிமிடம், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்திருக்கிறார். மகன் எந்த விலாசத்தைப் பார்த்தால் கார் சாவியைக் கீழே வைப்பான் என்று யோசித்து, அதை மட்டும் அடித்திருக்கிறார்.

“சார்! கை வெக்காதீங்க!”

நான் போட்ட சத்தத்தில் கீழே மருந்துக்கடைக்காரர்கூட நிமிர்ந்து பார்த்திருப்பார். ஹேமநாத் கையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். அவர் திரையில் ‘பழைய விலாசத்தை மீட்கவா?’ என்ற கேள்வி நின்றுகொண்டிருந்தது.

சொன்னேன்.

“அப்போ நம்ம சிஸ்டத்துல தெரிஞ்சே ஒரு பொய்ய வெச்சிகினு, அத நாமளே அனுப்பணும்ன்றீங்களா?”

“பதினோரு மணிக்கு அந்தப் பொய்தான் அவனுக்குப் போவணும் சார். அவன் நம்பர எடுத்துட்டா மெசேஜ் வராது, வராட்டி அக்கா வீட்ட விட்டு நகரமாட்டான். உண்மை போச்சுன்னா தேசூருக்கு ஒரு மணி நேரத்துல போயிடுவான்.”

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். திரையை மூடவில்லை, தொடவும் இல்லை. அந்த அளவுக்கு அவர் எனக்கு விட்டுக்கொடுத்ததே பெரிது.

பத்து நாற்பத்தெட்டு. இனி காத்திருந்தால் போதும் என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். திரையில் அந்த வரி மாறியது. காவல் நிலையம் போய்விட்டது. தேசூர் வந்திருந்தது.

மாற்றியது இனியா. செல்லை ஆன் செய்து புடவை கிளம்பிவிட்டதா என்று பார்த்திருக்கிறாள். யாரோ விலாசத்தைக் கலைத்திருப்பதைக் கண்டு பயந்துபோய், மறுபடி சரியான விலாசத்தைப் போட்டுவிட்டாள். என் காதில் இருந்த போனில் இளஞ்செழியனின் செல் கூவுவது கேட்டது. “தோ, மறுபடியும் மாறிட்ச்சாம். இன்னா வெளையாடறீங்களா எல்லாரும்?” என்றான் அவன்.

பன்னிரண்டு நிமிடம். இனியாவைக் கூப்பிட்டேன். மணி அடித்தது. எட்டாவது மணிக்கு எடுத்தாள்.

“இனியா, தறிவழி ஆபீஸ்லேருந்து சசிகலா பேசறேன். நீங்க இப்ப போட்ட விலாசத்த...”

“யாரு நீங்க? எங்க அண்ணன் பேசச் சொன்னாரா?”

“இல்லம்மா, நான்...”

“பொய் சொல்லாதீங்க. எங்க வீட்டு ஆளுங்கதான் என் நம்பர குடுத்திருப்பாங்க.”

வைத்துவிடப் போகிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. அவள் என்னிடம் கேட்டதைத்தான் என் பதினொரு சர்வீஸ்களில் ஒன்றுகூட மற்றொன்றிடம் கேட்டதில்லை. நீ யார்? எதற்காகக் கேட்கிறாய்? பெயரும் ஆபீஸும் எவர் வேண்டுமானாலும் சொல்லலாம். அவளுக்கும் எங்களுக்கும் மட்டும் தெரிந்தது என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை அவள் நெய்கிறவருக்கு எழுதிய குறிப்பு ஒன்று இருந்தது. அந்தக் குறிப்பை மட்டும் பாவோடு சேர்க்காமல் நான் தனியாக வைத்திருந்தேன், ஏதோ நல்ல நேரம்.

“முந்தானைல குஞ்சம் கட்டாம அனுப்பச் சொல்லி எழுதினீங்க. தென்னரசோட அம்மா கட்டித் தர்றேன்னு சொல்லிகீறாங்க. அத தனக்கோடி அக்காவும் நானும்தான் படிச்சோம். உங்க வீட்ல யாரும் படிக்க முடியாது.”

அவள் போனை வைக்கவில்லை.

“சொல்லுங்கக்கா,” என்றாள்.

“நீங்க காலைல பாத்தீங்களே போலீஸ் ஸ்டேஷன் விலாசம், அது உங்க அண்ணன் போட்டதில்ல. உங்க அம்மா போட்டது. இன்னும் கொஞ்ச நேரத்துல பொடவை கிளம்பும், அப்ப உங்க அண்ணன் செல்லுக்கு விலாசம் போவும். தேசூர்னு போவக்கூடாதுன்னு அவங்க மாத்திகீறாங்க.”

“அம்மாவா? அம்மாவுக்கு மெசேஜ் படிக்கவே தெரியாதேக்கா. நான்தான் படிச்சிக் காட்டுவேன்.”

“ஐம்பது நிமிஷம் எடுத்துகினு கீறாங்க.”

அவள் அழுதாள். ஆனால் பத்து ஐம்பத்தாறு ஆகியிருந்தது, அழுவதற்கு நேரம் இல்லை.

“நான் திரும்ப மாத்தட்டுமா? உங்க வாயால சொல்லணும். நீங்க சொல்லாம நான் தொடமாட்டேன்.”

“அம்மா போட்டத அப்படியே போட்டுடுங்கக்கா.”

போட்டேன். நான்கு தடவை என்ன, ஒரு தடவைகூட எனக்குப் பின்கோடு தப்பவில்லை. அது அந்த அம்மா அடித்த எண், நான் பார்த்து அடித்தேன், அவ்வளவுதான். சேவூரில் இளஞ்செழியனின் செல் இன்னொரு தடவை ‘விலாசம் மாறியது’ என்று கூவியது. செல்லை அணைத்துவிடும்படி இனியாவிடம் சொன்னேன். அணைத்துவிட்டாள்.

பதினொன்று அடித்தது. வண்டி வரவில்லை. பதினொன்று இரண்டு, மூன்று. ஹேமநாத் ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்தார், நான் திரையைப் பார்த்தேன். காதில் தறி வீட்டிலிருந்து கத்திரி திறந்து மூடுகிற சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. பாவில் நாலாயிரத்துக்கும் மேல் இழை. ஒரு தடவை அறுத்தால் திரும்பப் பிணைக்கவே எத்தனை நாளாகும் என்று எனக்குத் தெரியும்.

பதினொன்று ஆறுக்கு ஸ்கேன் விழுந்தது. விலாசத்தை வைத்திருந்த சர்வீஸ் கேட்டவருக்கு எடுத்துக் கொடுத்தது. செய்தி அனுப்புகிற சர்வீஸ் அதை மூன்று செல்லுக்கும் தள்ளியது. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் போனதற்காக அன்று ஒரு நாள், ஒரே ஒரு தடவை, எனக்குச் சந்தோஷம்.

சேவூரில் செல் கூவியது.

பிறகு இளஞ்செழியன் யாரையோ கூப்பிட்டான். குரல் மாறியிருந்தது.

“அப்பா, நம்ம இனியா திருவண்ணாமலை மகளிர் ஸ்டேஷன்ல கீதுப்பா. போலீஸாண்ட போயிட்ச்சு. ஆமா. பொடவையே ஸ்டேஷனுக்குத்தான் போவுது. இல்லப்பா, இப்ப போனா நாமதான் உள்ள போவோம்... சரி, வரேன்.”

கத்திரி பலகையில் விழுந்தது. வெளியே கார் கிளம்பியது. வெகுநேரம் கழித்துத் தனக்கோடி அக்காவின் குரல் வந்தது.

“சசி, போயிட்டான். பாவு நல்லாதான் கீது. நீ போனை வெய்யி, நான் கொஞ்சம் குந்தறேன்.”

ஹேமநாத் சார் வண்டிச் சாவியை எடுத்தார். “ஸ்டேஷன்ல போய்ப் பொடவைய கொடுத்தா அவங்க இன்னா பண்ணுவாங்க? நான் ஜல்தியா கொரியர் ஆபீஸ் போயி பார்சல வாங்கிக்கறேன். வந்தவாசி வழியா தேசூர் போயி நானே குடுத்துட்டு வரேன்,” என்றார். படியில் இறங்கும்போது, “இனிமே இந்த மாதிரி எனக்குச் சொல்லாம எதுவும் எழுதாதீங்க,” என்று திட்டவும் செய்தார். வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயந்திரத்துக்குள் விலாசத்துக்கு முதல் பூட்டைப் போட்டேன். மற்ற பத்துக்கும் போட்டு முடிக்க வெள்ளிக்கிழமை ஆனது. இப்போது எங்கள் சர்வீஸ் ஒவ்வொன்றும் இன்னொன்றிடம் போகும்போது தான் யார், யாருடைய புடவைக்காக வந்திருக்கிறேன் என்று சீட்டுக் காட்ட வேண்டும். அந்தச் சீட்டும் ஐந்து நிமிடத்தில் காலாவதியாகிவிடும். ஒரே பாவாக இருந்தாலும் அவரவர் புடவை அவரவர் கண்ணுக்கு மட்டும். அம்மாவானாலும் சரி, அண்ணனானாலும் சரி. தறி வீட்டுக்காரியான எனக்கு அதை எழுதும்போது கை கூசியது. எழுதினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் இனியா ஒரு படம் அனுப்பினாள். பதிவாளர் ஆபீஸ் வாசலில் இரண்டு பேரும் நிற்கிறார்கள். முந்தானையில் குஞ்சம் ஒழுங்காகக் கட்டியிருந்தது.

சனிக்கிழமை காலை ஆபீஸ் போன் அடித்தது. ஓர் அம்மாவின் குரல், மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்கிற மாதிரி.

“பொடவ கம்பெனிங்களா? என் பேரு கண்ணகிங்க. ஒரு பாவுல மூணு பொடவ. என்னுது வந்துட்ச்சு, மருமவளுது வந்துட்ச்சு. இன்னொண்ணு... அது போய்ச் சேந்துச்சாங்க? செல்லுல முன்னெல்லாம் காட்டும், இப்ப காட்ட மாட்டேங்குது.”

படம் என் செல்லில், என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. ‘கட்டிகிட்டாம்மா, நல்லா இருக்கா’ என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்தக் குரலுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவராகப் பேசுகிறாரா, யாராவது பேச வைக்கிறார்களா? போனில் வந்த ஒரு பெயரை நம்பி நானே கதவைத் திறந்தால், மூன்று நாள் உட்கார்ந்து பூட்டுப் போட்டது எதற்கு?

“மன்னிச்சிக்கோங்கம்மா. அந்தப் புடவை உங்க பேர்ல இல்ல. அதப் பத்தி உங்களுக்கு நாங்க எதுவும் சொல்ல முடியாது.”

நான் என்னையே திட்டிக்கொண்டு காத்திருந்தேன். பெற்ற தாயிடம் இப்படிச் சொல்ல வைத்த என் வேலையையும் சேர்த்துத் திட்டினேன்.

“பெத்தவ எனக்கே சொல்லமாட்டீங்களா?”

“மாட்டோம்மா.”

“அப்போ எம் பையன் வந்து கேட்டாலும்?”

“யாரு வந்து கேட்டாலும் சொல்ல மாட்டோம்.”

நீளமாக ஒரு மூச்சு விட்டார். குரலில் இருந்த நடுக்கம் போயிருந்தது.

“அது போதும்மா,” என்றார். “எனக்கும் சொல்லாதீங்க.”